நிறுத்திய பிறகும் வந்த செய்தி

வன்னியபெருமாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதைக் கரமனையில் அவர் தெருக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதுண்டு. பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். முக்குத் திரும்பிய பிறகும் சில நாள் வந்து தொட்டுவிட்டுப் போவார்.

"அந்தப் பூட்டுக்கு வாய் மட்டும் இருந்தா, உங்க பேர்ல போலீசில போய்ச் சொல்லும்" என்பாள் மனைவி ஸ்ரீலட்சுமி.

அவர் சிரிப்பார். சிரித்து முடித்த கையோடு, "கேஸ் அடுப்பை மூடினியா?" என்று கேட்பார்.

பயந்தாங்கொள்ளி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பயத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அப்பா வடசேரியிலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சாய்ந்தார். வீட்டுக்குத் தலைச்சன் பெருமாள், பி.காம். பரீட்சை முடிவு வருவதற்குள் குடும்பம் தலையில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதையாவது யாராவது 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் அவர் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார். அப்பாவும் நல்லாத்தான் இருந்தார்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அவர் பில் போடத்தான் போனார். அங்கே இருந்த பெரிய படிப்புக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்குப் பஸ் ஏற, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கை மாறிக் கை மாறி இவரிடம் வந்து நின்றது. முதலாளிக்கு அதில் வருத்தமே இல்லை. படித்தவன் ஒரு தடவை பார்க்கும் இடத்தில் இந்த ஆள் நாலு தடவை பார்ப்பார். அந்தச் சர்வர்களை ஓட்டும் லினக்ஸை அவர் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியிலிருந்து போட்டு, வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே கற்றுக்கொண்டார். சர்வரில் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்துக் கோவில் கணபதிக்கு ஒரு விடலைத் தேங்காய் போடுவார். தேங்காய் சரியாகச் சிதறவில்லை என்றால் அன்றைக்கு மாற்றம் கிடையாது. வேறொரு நாள்தான்.

கம்பெனிக்கு இருந்த வாடிக்கையாளர்களில் விழிஞ்ஞத்து மீன்பிடிப்பவர்களின் சங்கமும் ஒன்று. கடல் எச்சரிக்கை பேக்ஸில் கம்பெனிக்கு வரும். பெருமாள் அதை இரண்டு வரியாகச் சுருக்கி ஒரு ஃபைலில் எழுதி, சர்வரில் ஓடும் மெசேஜ் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட விடுவார். சர்வீஸ் எழும்போதே புது வரியை மனசில் ஏற்றிக்கொண்டு, உடனே ஒரு தடவை எல்லோருடைய மொபைலுக்கும் அனுப்பிவிடும். பிற்பாடு மீன்பிடி வள்ளங்கள் கடலில் இறங்கும் நேரத்தில் கொஞ்ச இடைவெளி விட்டு விட்டு அதையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை நிறுத்தி எழுப்பும் வரைக்கும் அதற்கு அந்த ஒரு வரிதான் தெரியும்.

கடற்கரையில் அந்த மெசேஜுக்குப் பொறுப்பு ஞானபாய். சங்கத்து ஆபீசில் ஒற்றை மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவள். குளச்சல் பக்கத்திலிருந்து விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் யோசுவா சொந்த வள்ளத்தில் போகிறவன். காற்று மாற மாற மெசேஜும் மாறும் என்பதால் அவள் கரையில் எல்லோருக்கும் ஒரே ஒரு பாடத்தைச் சொல்லி வைத்திருந்தாள்: கடைசியாக வந்ததுதான் கணக்கு. அதற்கு முன்னால் வந்ததை மறந்துவிட வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஐப்பசியில் துலா மழை தொடங்கும் சமயத்தில், பழைய சர்வர் உயிரை விடப் பார்த்ததால் எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

லினக்ஸ் சர்வர் கண் திறந்ததும் முதலில் எழுந்திருப்பது இனிட் என்ற புரோகிராம். ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு எண் உண்டு, இதன் எண் ஒன்று. மற்ற சர்வீஸ்களை எழுப்புவதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும், விழுந்தால் தூக்கி விடுவதும் அதன் வேலை. பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுந்தவுடன் தன்னைப் போலவே ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டு, தாய் போய்ச் சேர்ந்துவிடும். வேலையைப் பிள்ளை பார்க்கும். ஃபோர்க் என்பார்கள். தாய் போய்விடுவதால், எந்தப் பிள்ளையைக் கண்காணிக்க வேண்டும் என்று இனிட்டுக்கு ஏதாவது ஒரு வழியில் தெரிய வேண்டும். பழைய சர்வரில் அதற்கென்று ஒரு நீளமான ஸ்கிரிப்ட் இருந்தது. புதிய சர்வரின் இனிட் புது ரகம், அப்ஸ்டார்ட் என்று பெயர். 'எக்ஸ்பெக்ட் ஃபோர்க்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், முதலில் பிறக்கும் பிள்ளையை அது பிடித்துக்கொள்ளும்.

பெருமாள் அந்த வரியை எழுதினார். முதலில் பிறந்ததுதானே பொறுப்பு? அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். மெசேஜ் புரோகிராமை எழுதியவர் பெங்களூர் போய் வருஷங்கள் ஆகியிருந்தன, கேட்க ஆளில்லை.

தேங்காய் அன்றைக்கு நன்றாகவே சிதறியது. சர்வீஸை ஓட விட்டார். 'ஓடுகிறது' என்று ஒரு எண்ணோடு பதில் வந்தது. அந்த எண்ணைத் தனியாகத் தேடிப் பார்த்தார், இருந்தது. நிறுத்தினார், 'நின்றது' என்றது. எண்ணைத் தேடினார், இல்லை. மறுபடி ஓட விட்டார். 'கடல் அமைதி. போகலாம்' என்று அவர் மொபைலுக்கு மெசேஜ் வந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஞானபாய் போன் செய்தாள். "சாரே, இப்பம் எல்லா மெசேஜும் ரண்டு ரண்டா வருது, கேட்டேளா?"

இந்த இடத்தில்தான் பெருமாளின் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கிறது. வேறு யாராவது என்றால் எரிச்சல்பட்டு, இது ஏன் என்று தோண்டியிருப்பார்கள். பெருமாளுக்கோ சந்தோஷம். எதையும் இரண்டு தடவை செய்தால்தான் தூக்கம் வரும் மனுஷர் அல்லவா. மொபைல் கம்பெனிக்காரன் தவறுதலாக இரண்டாக அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதுவும் நடப்பதுண்டு.

"ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணு கிடைக்கும் பாத்துக்கிடுங்க. நல்லதுதானே" என்றார்.

"நல்லதுன்னா ஷெரி" என்று அவளும் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கடல் அமைதியாக இருந்தது. மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பேக்ஸ் வந்தது: மாலையில் பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம். பெருமாள் எழுதினார், சர்வீஸை நிறுத்தி எழுப்பினார், 'ஓடுகிறது' என்ற பதிலைப் பார்த்தார். 'பலத்த காற்று. போகவேண்டாம்' என்று அவருடைய மொபைலே சத்தம் போட்டுச் சொன்னது. அதைச் சார்ஜில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து படியேறும்போதே ஆபீஸ் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொடுத்தவள் அவருக்கு உதவியாக இருந்த அஜிதா.

"சாரே, காத்து மாறிப்போச்சா?" என்றாள் ஞானபாய். "காலையில போகாண்டாம்னு வந்துது. இப்பம் அதே வந்துட்டு, பொறகால போகலாம்னு ரண்டு வாட்டி வந்துது. கடைசியா வந்ததுதானே கணக்கு, வள்ளம் எல்லாம் இறங்கியாச்சு. எங்க வீட்டு ஆளும் போயாச்சு. சும்மா ஒண்ணு கேட்டுக்கிடலாம்னுதான் விளிச்சேன்."

"நான் அனுப்பல" என்றுதான் பெருமாள் வாயில் முதலில் வந்தது. "போகலாம்னு நான் அனுப்பல. பேக்ஸ் போகவேண்டாம்னுதான் சொல்லுது."

அந்தப் பக்கத்திலிருந்து "மாதாவே" என்று ஒரு வார்த்தை வந்தது.

"இப்பம் சரியாக்கிடுதேன். வச்சிடுங்க, இப்பம் அனுப்புகேன்" என்று போனை வைத்தார். மொபைலைப் பார்த்தால் அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. ஃபைலைத் திறந்தார்: போகவேண்டாம் என்று அவர் எழுதியது அப்படியே இருக்கிறது. சர்வீஸ் நிலையைக் கேட்டார்: ஓடுகிறது. நிறுத்தினார்: நின்றது. மறுபடி நிலையைக் கேட்டார்: நின்றது. ஒரு மூச்சு விட்டார். ஃபைலை இன்னொரு முறை படித்துவிட்டு ஓட விடலாம் என்று குனிந்தார்.

மேஜையில் மொபைல் சத்தம் போட்டது. கடல் அமைதி. போகலாம்.

அஜிதா அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "சாரே, நிறுத்தியாச்சுல்லே?"

மறுபடியும் சத்தம். கடல் அமைதி. போகலாம்.

நிறுத்திய சர்வீஸ் பேசுகிறது. பெருமாள் ஜென்மத்தில் பட்ட பயங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த நொடிக்கு ஈடாகாது. அவர் பூட்டிய பூட்டெல்லாம் பூட்டியபடி இருக்க, உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய், மெசேஜை வெளியே அனுப்பும் மோடத்தின் கேபிளைப் பிடித்துப் பிடுங்கி எறிந்தார். வாய் அடைந்தது. ஆனால் சரியான வார்த்தையும் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும். வள்ளங்களோ நிமிஷத்துக்கு நிமிஷம் டவர் எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

இனிட் சொல்வதை விட்டுவிட்டு, சர்வரில் ஓடும் அத்தனையையும் வரிசையாகத் திரையில் கொட்டச் சொன்னார். மெசேஜ் புரோகிராமின் பெயரில், நின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டவை மூன்று உயிரோடு இருந்தன. ஒன்று இன்று காலையில் பிறந்தது. மற்ற இரண்டும் போன வாரம், அவர் சர்வரை மாற்றிய அன்றைக்குப் பிறந்தவை. மூன்றுக்கும் தாய் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அந்தப் புரோகிராம் எழுந்ததும் ஒன்றல்ல, இரண்டு பெறுகிறது. மூத்தது நடப்பதை எல்லாம் குறித்து வைக்கும் குமாஸ்தா, அவ்வளவுதான். இரண்டாவதாகப் பிறப்பதுதான் மோடத்தைப் பிடித்து மெசேஜ் அனுப்புகிறது. அதுவோ பிறந்த உடனே தனிக்குடித்தனம் போய்விடுகிறது. இவர் இனிட்டிடம் மூத்ததைக் காட்டி இதுதான் ஆள் என்று சொல்லியிருக்கிறார். நிறுத்து என்றபோதெல்லாம் அது குமாஸ்தாவைத்தான் கொன்றது. அனுப்புகிறவன் அனுப்பிக்கொண்டே இருந்தான். சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று இவர் நிறுத்தி நிறுத்தி எழுப்பியதில் ஒவ்வொரு தடவையும் ஒருவன் பாக்கி நின்றான். போன வாரம் இரண்டு இரண்டாக வந்த மெசேஜ், மொபைல் கம்பெனியின் தவறே இல்லை.

"நல்லதுதானேன்னு சொன்னேனே" என்றார் பெருமாள். அஜிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றையும் எண் சொல்லி அடித்துக் கொன்றார். அடித்துவிட்டுப் பட்டியலை மறுபடி கொட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. யாரும் இல்லை. ஃபைலில் 'உடனே திரும்பவும்' என்று சேர்த்து, கேபிளை மாட்டி, சர்வீஸை எழுப்பினார். பலத்த காற்று, போகவேண்டாம், உடனே திரும்பவும் என்று போனது. போய்ச் சேர்ந்ததற்குப் பதில் ஒவ்வொரு எண்ணுக்காக வரத் தொடங்கியது. கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது. சில எண்களுக்கு மட்டும் பதில் வரவில்லை. அவற்றில் ஒன்று யோசுவாவுடையது.

"ஞான் இங்க நோக்கிக்கிடுதேன். சார் போங்க" என்றாள் அஜிதா.

கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் லேசாக ஆடின. கோவளம் முக்கு தாண்டும்போது ஓலையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. அஜிதாவுக்குப் போன் போட்டார். இன்னும் வரவில்லை என்றாள். மறுபடி போட்டார். இல்லை.

துறைமுகத்தில் சங்கத்துக் கட்டடத்துக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வள்ளங்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஞானபாய் தனியே, அலைத்தடுப்புக் கல்லின் ஓரத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள். பெருமாள் போய்ப் பக்கத்தில் நின்றார். மழை தொடங்கியிருந்தது. சொல்லாமல் நிற்க முடியவில்லை.

"தப்பு என்னோடதாக்கும்" என்றார். "மெஷின் கோளாறுன்னு நினைச்சிடப்பிடாது. நான் எழுதின ஒரு வரி. ரண்டு ரண்டா வருதுன்னு நீங்க சொன்னப்பமே நான் பாத்திருக்கணும்."

அவள் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கடைசியா வந்ததுதான் கணக்குன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தது நானாக்கும் சாரே" என்றாள். "காலையில மெசேஜ் பார்த்துட்டு மனுஷன் படுத்துட்டாரு. போகலாம்னு வந்திருக்குன்னு நாந்தான் தட்டி எழுப்பி விட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று பெருமாளுக்கு இருந்தது.

வெளிச்சம் மங்கும் வரை நின்றார்கள். கூட்டத்தில் ஒவ்வொருத்தியாகத் தன் ஆள் வந்து சேர, கூட்டம் கரைந்தது. கடைசியில் ஒரு வள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டபடி துறைமுக வாய்க்குள் நுழைந்தது. எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. ஞானபாய் கல்லிலிருந்து இறங்கி ஓடினாள். பெருமாள் செருப்போடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

யோசுவா குதித்து இறங்கினான். வள்ளத்தில் வலை இல்லை. "அறுத்து விட்டாச்சு" என்றான், பல் அடித்துக்கொள்ள. "அதை இழுத்துக்கிட்டு வந்தா கரை சேந்திருக்க முடியாது. ஒரு மெசேஜும் வரல. பக்கத்து வள்ளத்துக்காரன் சட்டையக் கழற்றி வீசிக் காட்டினான், அதனால திரும்பினோம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. இடுப்பில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்த மொபைலுக்கு டவர் கிடைத்துவிட்டது. மத்தியானத்திலிருந்து வழியில் மாட்டிக்கிடந்த மெசேஜ் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்து அலறின. பெருமாள் பார்த்துக்கொண்டே நின்றார். ஞானபாய் உறையைப் பிரித்து, மொபைலைச் சேலையில் துடைத்து, கடைசியாக வந்ததைத் திறந்தாள். படித்தாள். அதைப் பெருமாளிடம் நீட்டினாள்.

மழை அடித்த திரையில், கடல் அமைதி, போகலாம் என்று இருந்தது. வழியில் முன்பின்னாகக் கலைந்து வந்ததில் அது கடைசியாக வந்து சேர்ந்திருந்தது.

"மெஷின் சொல்லுதுன்னு நான் நம்பல சாரே" என்றாள். "பழவங்காடியில ஒரு மனுஷன் பாத்துட்டு அனுப்புகாருன்னு நம்பினேன்."

பெருமாள் அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுதார். ஈரத்தோடு நின்ற யோசுவாதான், "என்ன சாரே இது, நான்தான் வந்துட்டேனே" என்று அவர் தோளைத் தட்டினான்.

மறுநாள் அவர் அந்த வரியைத் தூக்கி எறிந்தார். எழுதியவரைப் பெங்களூரில் தேடிப் பிடித்து, புரோகிராமைப் பிள்ளை பெறாமல் தானே முன்னால் நின்று வேலை செய்யும்படி மாற்ற வைத்தார். எதைக் கண்காணிப்பது என்று இனிட் திணற வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அந்த வேலைக்கு அவர் தேங்காய் போடவில்லை என்று அஜிதா பிற்பாடு சொன்னாள். வீட்டுப் பூட்டை இழுப்பதும் நாளடைவில் குறைந்தது; ஸ்ரீலட்சுமிக்கு அதுவே கவலையாகி, இரண்டு நாள் அவளே போய் இழுத்துப் பார்த்தாள்.

புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. கடல் மெசேஜை மாற்றும் நாளில் திரையில் வரும் 'ஓடுகிறது' என்பதை அவர் படிப்பதே இல்லை. அனுப்பிவிட்டு ஞானபாயைக் கூப்பிடுவார். "என்ன வந்திருக்கு? எத்தனை வந்திருக்கு? வாசிச்சுக் காட்டுங்க" என்பார். அவள் வாசித்துக் காட்டுவாள். அதற்கப்புறம்தான் நாற்காலியில் சாய்வார்.

அடுத்த எச்சரிக்கை சில வாரம் கழித்து ஒரு காலையில் வந்தது. எழுதினார், எழுப்பினார், அனுப்பினார், ஞானபாயின் எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை ஒரு ஆண் குரல், தூக்கக் கலக்கத்தில், எடுத்தது.

"அவ குளிக்கப் போயிருக்கா சாரே. நான் யோசுவா. மெசேஜ் ஒண்ணுதான் வந்துது, போகாண்டாம்னு" என்றது. "நான் வீட்டிலதான் இருக்கேன்."